பழைய கணனியும் புதிய காலமும்

[சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவு]



இவ்விழாவிலே இளைஞர் ஒருவரும் பேசவேண்டும் என்று செயலாளர் என்னை அழைத்தபோது நான் தயங்கினேன். திருமுறைகளைப் பற்றியோ நாயன்மார்களைப் பற்றியோ பேசுகின்ற தகுதி மிஷன் பாடசாலையிலே படித்த எனக்கு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். “நீ எதைப் படிக்கிறாயோ அதைப் பற்றிப் பேசு” என்றார் அவர். நான் பல்கலைக்கழகத்திலே படிப்பது கணனி. ஆகவே கணனியைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். ஆயினும் இது கணனி படித்தவர்களுக்கு மட்டும் உரிய பேச்சன்று. எமது வீட்டு அலுமாரிகளில் இருக்கின்ற கல்வெட்டுப் புத்தகங்கள், எமது கோயில்களின் கும்பாபிஷேக மலர்கள், இந்தச் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடுகின்ற மலர்கள் ஆகியவற்றின் வருங்காலம் இதிலே அடங்கியிருக்கிறது.

கணனி என்னும் இயந்திரத்தை இயக்கிவைக்கின்ற அடிப்படை மென்பொருளைப் ‘பணிசெயல் முறைமை’ என்று எமது பாடநூல்கள் சொல்லும். நம்மிற் பெரும்பாலோருக்கு அதனுடைய பெயர் விண்டோஸ். வீட்டுக்கு அத்திவாரம் எப்படியோ, கணனிக்கு அது அப்படி. இந்த மென்பொருளுக்கு ஆயுட்காலம் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. 2014ஆம் ஆண்டு ஏப்ரில் 8ஆந் திகதியோடு அதற்கு ஆதரவளிப்பதை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்திற்று. 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு 2020ஆம் ஆண்டு சனவரி 14ஆந் திகதி அந்த நாள் வந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி வந்தது. ஆதரவு நிறுத்தம் என்றால் இயந்திரம் நின்றுவிடும் என்பது பொருளன்று. கணனி முன்போலவே வேலை செய்யும். ஆனால் அதன் சுவரிலே புதிதாக ஓட்டை விழுந்தால் அதை அடைப்பதற்கு ஒருவரும் வரமாட்டார்.

அப்படியிருந்தும், காலங்கடந்த முறைமைகளை மக்கள் விடுகின்றாரில்லை. அச்சகங்களிலே, கடைகளிலே, கோயிற் காரியாலயங்களிலே இன்றும் அவற்றைக் காணலாம். ஏன்? என்னைப் போன்ற இளைஞர்கள் இதற்கு ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கிறோம். “சோம்பல், அறியாமை, புதியதைக் கண்டு பயம்” என்பதே அந்த விடை. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பிழை என்பதை எனக்குக் கற்பித்தவர் பேராசிரியர் ஒருவர் அல்லர். எழுவான்கரையிலே சிறிய அச்சுக்கடை ஒன்றை நடத்துகின்ற முதியவர் ஒருவர். நான் அவரை மாமா என்று அழைப்பது வழக்கம்.

சென்ற விடுமுறையிலே ஊருக்கு வந்தபோது அவருடைய கடைக்குப் போனேன். விண்டோஸ் எக்ஸ்பியிலே ஓடுகின்ற பழைய கணனி ஒன்றின் முன்னால் அவர் இருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. “மாமா, இது செத்துப்போன சாமான், நான் உங்களுக்குப் புதிசு போட்டுத் தாறன்” என்றேன். அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. புதிய வன்தட்டு ஒன்றை வாங்குவித்து, பழைய வன்தட்டிலிருந்த கோப்புகளை எல்லாம் அதற்குப் பிரதி செய்து, புதிய விண்டோஸை ஏற்றிக் கொடுத்தேன். திரை அழகாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் மாமா ஆள் அனுப்பி என்னை அழைத்தார்.

படுவான்கரையிலிருந்து ஓர் அம்மா வந்து கடையிலே இருந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய தகப்பனார் காலமானபோது முப்பத்தொராம் நாளுக்கு அடித்த கல்வெட்டை மாமாதான் அச்சிட்டவர். வீட்டிலிருந்த பிரதிகளைக் கறையான் தின்றுவிட்டது. வெளிநாட்டிலே வாழ்கின்ற தங்கை அதைக் கேட்கிறாளாம். ஆண்டுத் திவசத்துக்கு முன்னர் திரும்ப அச்சிட வேண்டுமாம். கோப்பு என்னவோ புதிய வன்தட்டிலே இருந்தது. ஆனால் அதைத் திறக்கின்ற பேஜ்மேக்கர் என்னும் மென்பொருள் புதிய விண்டோஸிலே ஏற மறுத்தது. மாமாவின் பழைய அச்சுப்பொறிக்கும் புதிய விண்டோஸுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமற் போயிற்று. பெட்டி இருந்தது, திறப்பு இல்லை. மாமா என்னை ஏசவில்லை. “மனே, நீ புதிசு தந்தாய், நல்லம். மறுகா என்ட பழசு எங்க?” என்று மட்டும் கேட்டார்.

அன்பர்களே, அந்தக் கேள்விதான் இன்றைய என் பேச்சு முழுவதும்.

நல்ல காலமாகப் பழைய வன்தட்டை நான் அழித்துவிடவில்லை. அதைத் திரும்பப் பூட்டினோம். எக்ஸ்பி விழித்தது, பேஜ்மேக்கர் திறந்தது, அந்த அம்மாவின் தகப்பனார் பதினாறு பக்கங்களிலும் திரும்ப எழுந்து வந்தார். அவருடைய குடிவழி, அவர் கோயிலுக்குச் செய்த தொண்டு, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் பெயர்கள், உறவினர் பாடிய இரங்கற் பாக்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மாமா பிடித்துக்கொண்டிருந்தது விண்டோஸ் எக்ஸ்பியை அன்று. அதற்குள்ளே மட்டும் உயிரோடு இருக்கின்ற தம் வேலையை.

இது ஏன் இப்படி ஆயிற்று என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தமிழ் எழுதத் தெரியாத கணனிகளே எமது நாட்டுக்கு முதலில் வந்தன. அவற்றிலே எப்படியாவது தமிழை அச்சிட வேண்டும் என்பதற்காக எம்மவர் ஓர் உபாயம் செய்தனர். ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களிலே தமிழ் எழுத்தின் வடிவங்களை வரைந்து எழுத்துருக்களை ஆக்கினர். இலங்கையிலே அவற்றுள் மிகப் பரவியது பாமினி. பாமினியிலே ‘தமிழ்’ என்று எழுதுகின்றவர் உண்மையிலே தட்டுவது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும். ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணனி தன் நினைவிலே வைத்திருப்பது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம். பாமினி என்னும் திரையை விலக்கினால் ‘அம்மா’ மறைந்துவிடுவாள்.

இதற்கு மாற்று வராமல் இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கின்ற யூனிகோட் என்னும் ஏற்பாட்டிலே, 1991ஆம் ஆண்டு வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 என்னும் முறைமையிலிருந்து மைக்ரோசொப்டும் தமிழை ஏற்றுக்கொண்டது. இலங்கையிலும் 2008ஆம் ஆண்டிலே எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ் நியமம் வகுக்கப்பட்டது. ஆனால் எம்மவர் பக்கங்களை அமைத்த பேஜ்மேக்கர் யூனிகோட்டை அறியாதது. 2001ஆம் ஆண்டு வந்த அதன் 7ஆம் பதிப்பே கடைசிப் பதிப்பு. அதன் பின் அதை வெளியிட்ட அடோபி நிறுவனம் வேறொரு மென்பொருளையே வளர்த்தது. ஆகவே பாமினியும் பேஜ்மேக்கரும் எக்ஸ்பியும் பழைய அச்சுப்பொறியும் ஒன்றோடொன்று பின்னிய கயிறாயின. ஒன்றை மாற்றவேண்டுமானால் நான்கையும் மாற்றவேண்டும். ஒருவர் ஒரு புரியை இழுத்துப் பார்த்து, முழுக்கயிறும் அவிழ்வதைக் கண்டு கைவிட்டால், அதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமா?

இரண்டாவது காரணம் விரற்பழக்கம். யாழ்ப்பாணத்திலே பிறந்து சிங்கப்பூரிலே வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசைப்பலகை வகுத்துத் தந்தார். அந்த மரபைத் தழுவியதே பாமினியின் விசை ஒழுங்கு. தட்டச்சுப் பொறியிலே பழகிய ஒருவர் அப்படியே கணனிக்கு வந்து தமிழ் அடிக்கக் கூடியதாக இருந்தது. முப்பது ஆண்டு காலம் கண்ணை மூடிக்கொண்டு அடித்த விரல்களைப் பார்த்து, “நாளை முதல் வேறு இடத்திலே தேடுங்கள்” என்றால் அவை கேட்குமா? விரலுக்கும் நினைவு உண்டு. அது அந்தத் தொழிலாளி உழைத்துச் சேர்த்த சொத்து.

மூன்றாவது காரணம் பணம். விண்டோஸ் 11க்குப் போக வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்ரெல் நிறுவனத்தின் செயலியானால் அது எட்டாந் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 2017ஆம் ஆண்டுக்கு முன் வாங்கிய கணனிகள், எவ்வளவு நன்றாக ஓடினாலும், அந்த வாயிலிலே தடுக்கப்படும். அப்படியானால் புதிய முறைமை என்பது புதிய கணனியே. எமது நாடு 2022ஆம் ஆண்டு பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில கிழமைகளுக்குள் 360 ரூபா வரை ஏறிற்று. கப்பலிலே வருகின்ற சாமான் எல்லாவற்றோடும் கணனியின் விலையும் ஏறிற்று. அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற ஒருவரிடம், ஓடுகின்ற கணனியை மாற்று என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. எமது கணனிகளிற் பலவற்றிலே இருப்பது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் அன்று. உரிமை இல்லாத வீட்டிலே குடியிருப்பவர் கதவைத் தட்டிப் புதுப்பிக்கக் கேட்க அஞ்சுவது இயல்பு.

இது ஏழை நாட்டின் வியாதி என்றும் எண்ணிவிடாதீர்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு நின்ற 2014ஆம் ஆண்டிலே, பிரித்தானிய அரசாங்கம் தன் காரியாலயங்களும் வைத்தியசாலைகளும் இன்னும் ஓராண்டு அதிலேயே ஓடுவதற்காக மைக்ரோசொப்டுக்கு 55 இலட்சம் பவுண் கொடுத்தது. அமெரிக்காவின் அணுவாயுதப் படையிலே கட்டளை அனுப்புகின்ற ஒரு முறைமை, 2019ஆம் ஆண்டு வரையில் 8 அங்குல பிளொப்பி வட்டுகளைக் கொண்டு இயங்கிற்று. அவர்களிடம் பணம் இல்லையா? அறிவு இல்லையா? இரண்டும் உண்டு. ஓடுகின்ற ஒன்றை நிறுத்தினால் அதனோடு கட்டுண்ட மற்றொன்றும் நின்றுவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கும் மாமாவுக்கும் ஒன்றே. வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் காத்திருக்கின்ற காலத்துக்குப் பணம் கொடுக்க முடியும், மாமாவால் முடியாது.

ஆகவே பழையதிலேயே இருந்துவிடலாம் என்று நான் சொல்ல வருகிறேனா? இல்லை. இருந்துவிடவும் முடியாது. அதற்கும் காரணங்களைச் சொல்லுகிறேன்.

2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி ‘வன்னாகிரை’ என்று பெயரிடப்பட்ட ஒரு தீய மென்பொருள் உலகம் எங்கும் பரவிற்று. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, திறப்பு வேண்டுமானால் 300 டொலர் தா என்று அது திரையிலே எழுதிற்று. ஏறத்தாழ 150 நாடுகளிலே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணனிகள் சிக்கின. இங்கிலாந்திலே வைத்தியசாலைகளை நடத்தும் 236 அமைப்புகளுள் 80 ஆவது பாதிக்கப்பட்டன. நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். இதிலே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கின்ற திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அங்கே சிக்கிய கணனிகளிற் பெரும்பாலானவை அப்பொழுது ஆதரவு இருந்த விண்டோஸ் 7இல் ஓடியவை. திருத்தம் கையிலே இருந்தும் அதைப் போடாதவை. புதியதை வாங்கினால் மட்டும் போதாது, அதைப் பேணவும் வேண்டும் என்பது அதிலே உள்ள பாடம். பேணுவதற்கே வழியில்லாத எக்ஸ்பி போன்றவற்றின் கதி என்ன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஆபத்து ஓசையில்லாதது. மாமாவின் பழைய வன்தட்டு சுழலும்போது இப்போது ஒரு சத்தம் கேட்கிறது. வன்தட்டு என்பது சுழலுகின்ற இயந்திரம். சுழலுகின்றது எதுவும் ஒரு நாள் நிற்கும். எமது பக்கத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி எமது வீடுகளின் கூரைகளைக் கொண்டுபோயிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி வந்த கடல் எமது கரையோரத்து ஊர்களைக் கொண்டுபோயிற்று. எத்தனை உறுதிகள், எத்தனை படங்கள், எத்தனை கொப்பிகள் போயின! அவை கண்காண அழிந்தன, நாம் அழுதோம். பாமினியிலே கிடக்கின்ற எழுத்துகள் கண்காணாமல் அழியும். அழுவதற்குக்கூட எமக்குத் தெரியாது. இந்தச் சங்கத்தின் பழைய மலர்களிற் சில அந்த ஒரே வன்தட்டிலே இருக்கின்றன என்பதை இங்கே சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

மூன்றாவது நட்டம் மொழிக்கு. பாமினியிலே எழுதிய ஒரு மலரை இணையத்திலே போட்டால், தமிழிலே தேடுகின்றவருக்கு அது அகப்படாது. தேடும் பொறிக்கு அது தமிழே அன்று. அந்த எழுத்துரு இல்லாத கைபேசியிலே திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். கண்பார்வை இழந்தவர்களுக்கு வாசித்துக் காட்டுகின்ற மென்பொருள் அதைத் தமிழாக வாசிக்க மாட்டாது. எமது ஊரைப் பற்றி எமது பெரியோர் எழுதிய கட்டுரைகள், எமது பிள்ளைகள் தேடுகின்ற இடத்திலே இல்லை. இல்லாததை அவர்கள் எப்படி வாசிப்பார்கள்?

இங்கே எமது முன்னோர் செய்த ஒரு காரியத்தை நினைவூட்ட விரும்புகிறேன். ஏட்டிலே இருந்த தமிழைத் தாளுக்குக் கொண்டுவந்தவர்களும் இதே சிக்கலைக் கண்டவர்களே. வட்டுக்கோட்டைச் செமினரியிலே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றினார். எமது மட்டக்களப்பிலே வித்துவான் எவ். எக்ஸ். சி. நடராசா அவர்கள் ஏடுகளிலே கிடந்த மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்து 1962ஆம் ஆண்டு நூலாக்கித் தந்தார். மிஷன் பாடசாலையிலே கற்று, விஞ்ஞானமும் கற்ற எமது விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இயல்பைக் கணித முறையாலே ஆராய்ந்து 1947ஆம் ஆண்டு யாழ் நூலை வெளியிட்டார். இவர்கள் ஒருவரும் ஏட்டைப் பழித்தவர்கள் அல்லர்; ஏட்டோடே இருந்துவிட்டவர்களும் அல்லர். ஏட்டிலிருந்த பொருளை அடுத்த காலத்தின் கையிலே கொடுத்தவர்கள்.

நான் பாடசாலையிலே வேதபாடத்திற் கேட்ட உவமை ஒன்று உண்டு. புதிய திராட்சை ரசத்தைப் பழைய தோற்பையிலே வார்த்தால், பையும் கிழியும், ரசமும் சிந்தும் என்பது அது. பழைய கணனியிலே புதிய விண்டோஸைத் திணிக்கின்றவர்களுக்கு அது நல்ல புத்தி. நீங்கள் கோயில் வசந்த மண்டபத்திலே கேட்ட உவமை வேறொன்று. உடுத்த துணி நைந்தால் மனிதன் வேறு துணி உடுத்துவதுபோல ஆன்மா வேறு உடலை எடுக்கிறது என்று கண்ணபிரான் அருச்சுனனுக்குச் சொன்னது அது. மாமாவின் கடையிலே நான் செய்த பிழையை எனக்குத் தெளிவாகக் காட்டியது இந்த இரண்டாவது உவமை. நான் துணியை மட்டும் மாற்றினேன். உடுக்க வேண்டியவரை வெளியிலே நிறுத்திவிட்டேன்.

ஆகவே, முறைமையை மாற்றச் சொல்லி எவரையும் வற்புறுத்துமுன் அதற்குள் இருக்கின்ற பொருளை நாம் கரைசேர்க்க வேண்டும். பொருள் கரைசேர்ந்தால் மனிதர் தாமாகவே வருவர். இதை இந்தச் சங்கமே தொடங்கலாம் என்று நான் எண்ணுகிறேன். உங்கள் அனுமதியோடு சில யோசனைகளைச் சொல்லுகிறேன்.

முதலாவதாக, எமது ஊரிலுள்ள அச்சகங்களிலும் கோயில்களிலும் வீடுகளிலும் எந்தப் பழைய கணனியிலே என்ன எழுத்து இருக்கிறது என்று ஓர் இடாப்பு எழுதுவோம். கணனியின் பெயர் முக்கியமன்று. உள்ளே இருப்பதன் பெயரே முக்கியம். இரண்டாவதாக, உரியவர்களின் சம்மதத்தோடு ஒவ்வொன்றையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை எழுவான்கரையிலும் மற்றொன்றைப் படுவான்கரையிலும் வைப்போம். வெள்ளம் ஒரு கரைக்கு வந்தாலும் மற்றக் கரையிலே ஒன்று இருக்கும். மூன்றாவதாக, பழைய கணனியைக் குப்பையிலே எறிய வேண்டாம். இணையத்திலிருந்து அதைத் துண்டித்துவிட்டு, பழைய கோப்புகளைத் திறக்கின்ற திறப்பாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

நான்காவது, வேலையிலே பெரியது. பாமினியிலிருந்து யூனிகோட்டுக்கு மாற்றுகின்ற கருவிகள் இணையத்திலே இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த அம்மாவின் கல்வெட்டை நான் அப்படித்தான் மாற்றினேன். ஆனால் கருவிக்கு ஒரு குருடு உண்டு. பாமினித் தமிழும் உண்மையான ஆங்கிலமும் கணனியின் நினைவிலே ஒரே எழுத்துகளாக இருப்பதால், இடையிலே வந்த ஆங்கிலப் பெயர்களையும் அது தமிழ் என்று எண்ணிக் கொலை செய்துவிடும். பதினாறு பக்கத்தைச் சரிபார்க்க எனக்கு ஓர் இரவு சென்றது. மறுநாள் மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் விட்ட பிழைகளைப் பத்து நிமிடத்திலே பிடித்தார். கருவியை ஓட்ட இளைஞர் வேண்டும். பிழை பார்க்கப் பெரியவர் வேண்டும். இருவரையும் ஒரே மேசையிலே இருத்துகின்ற தொண்டு இதைவிட வேறு எது?

ஐந்தாவது, இந்த ஆண்டு மலரையாவது யூனிகோட்டிலே அமைப்போம். விரற்பழக்கத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இ-கலப்பை போன்ற மென்பொருள்களிலே பாமினி விசை ஒழுங்கைத் தெரிந்துகொண்டால், விரல்கள் பழைய இடத்திலே அடிக்கும். திரையிலே யூனிகோட் விழும். புதிய விண்டோஸ் ஏறாத கணனிகளுக்கு லினக்ஸ் என்னும் இலவச முறைமை உண்டு. அதிலும் விண்டோஸிலும் ஓடுகின்ற லிப்ரே ஒபிஸ் என்னும் இலவச மென்பொருள் 2015ஆம் ஆண்டு முதல் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கவும் கற்றுக்கொண்டது; பக்க அமைப்புக் கலையலாம், எழுத்து மீளும். இதை எல்லாம் மாமாவின் கடையைக் குழப்புமுன் நான் அறிந்திருக்க வேண்டும். பிந்தித்தான் அறிந்தேன். இறுதியாக, மாற்றிய மலர்களின் பிரதிகளை, 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்திலே சேர்த்துவருகின்ற நூலகம் நிறுவனத்துக்கும் கொடுத்துவைப்போம்.

சபையோரே, மண்முனைத் துறையிலே பாதையிலே ஏறி அக்கரைக்குப் போன காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் திருவிழாவுக்குப் போகின்ற அடியார்கள் வெயிலிலே வரிசையில் நின்று பாதைக்குக் காத்திருந்தார்கள். “ஏன் இந்தப் பழைய பாதையை விடாமற் பிடித்திருக்கிறீர்கள்? சோம்பலா?” என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவுதான். 2014ஆம் ஆண்டு அங்கே பாலம் திறந்தது. பிரசாரம் ஒன்றும் இல்லாமலே மக்கள் பாலத்தில் ஏறினார்கள். அது அவர்கள் நின்ற கரையையும் போகவேண்டிய கரையையும் தொட்டது. கல்லடியிலே 1924ஆம் ஆண்டு கட்டிய மானிங் சீமாட்டியார் பாலத்தின் பக்கத்திலே 2013ஆம் ஆண்டு புதிய பாலம் திறந்தபோதும், பழையதை எவரும் உடைத்தெறியவில்லை. வாகனங்கள் புதியதிலே போயின. பழையது அருகிலே நிற்கிறது.

மக்கள் பழைய கணனியைப் பிடித்திருப்பதற்கு நாம் நீட்டிய பாலம் ஒரு கரையை மட்டும் தொட்டதே காரணம். மற்றக் கரையிலே ஒரு முதியவர், தம் முப்பது ஆண்டு உழைப்போடு, “என்ட பழசு எங்க?” என்று கேட்டு நிற்கிறார். அந்தக் கரைவரை பாலத்தை நீட்டுவது படித்த இளைஞரின் கடமை.

அந்த அம்மாவின் தங்கைக்குக் கல்வெட்டைக் கைபேசியிலே அனுப்பினோம். மறுநாட் காலை பதில் வந்தது. தன் மகளுக்குப் பாட்டனாரின் குடிவழியை இரவிரவாக வாசித்துக் காட்டியதாக எழுதியிருந்தாள். மாமா அதை என்னிடம் காட்டிவிட்டு, அலுமாரியைத் திறந்து ஒரு கட்டு சீ.டீ.க்களை எடுத்து மேசையிலே வைத்தார். “மனே, இதுகளையும் பார்” என்றார். முதல் நாள் வேண்டாம் என்றவர் அவர்தான்.

வருகிற சனிக்கிழமை அந்த வேலை மாமாவின் கடையிலே தொடங்குகிறது. தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் வரலாம்.